ராணியின் நெக்லஸா, அமெரிக்கப் போரா? 1789-க்கு முன் பிரெஞ்சு அரசு திவாலானது எப்படி?

கேள்வி இது: பள்ளிப் புத்தகத்தில் மேரி அன்டாய்னெட்டின் ஆடம்பரத்தால் கஜானா காலியானது என்று இருக்கிறது, ஒரு காணொளியில் அமெரிக்கப் போருக்குச் செய்த செலவுதான் காரணம் என்கிறார்கள், இரண்டில் எது சரி, ஐரோப்பாவிலேயே பெரிய பணக்கார நாடுகளில் ஒன்று எப்படி திவாலாகும்? இதில் கடைசிப் பகுதிதான் உண்மையான கேள்வி. நாட்டில் பணம் இருந்தது. அரசின் கையில் மட்டும் இல்லை. ஏன்? சுருக்கமான பதில்: ராணியின் செலவு சிறியது, போர்ச் செலவு மிகப் பெரியது, ஆனாலும் அது மட்டும் போதாது. இருக்கிறவர்களிடம் வரி கேட்க முடியாத ஓர் அரசு, கணக்குக் காட்டாததால் குறைந்த வட்டிக்குக் கடனும் வாங்க முடியாத ஓர் அரசு, அந்தப் போரின் கடனைத் தாங்கவில்லை. ஐரோப்பிய நிதி வரலாற்றைப் பாடமாக நடத்துபவன் என்ற முறையில், எண்களிலிருந்தே தொடங்குகிறேன்.

1788-ல் அரசே தயாரித்த வரவு செலவு அறிக்கை ஒன்று கிடைத்திருக்கிறது. அதன்படி செலவு சுமார் 62.9 கோடி லிவ்ர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்), வரவு சுமார் 50.3 கோடி லிவ்ர். பற்றாக்குறை 12.6 கோடி, அதாவது செலவில் ஐந்தில் ஒரு பங்கு. செலவுக்குள் போய்ப் பார்த்தால்தான் நிலைமை விளங்கும். கடனுக்கான வட்டிக்கும் தவணைக்கும் மட்டும் 31.8 கோடி, அதாவது மொத்தச் செலவில் பாதி. ராணுவம், கடற்படை, வெளியுறவு சேர்த்து 16.5 கோடி. அரண்மனை, அரச குடும்பம், அவர்களை ஒட்டியிருந்த பிரபுக்களின் செலவு எல்லாம் சேர்த்து சுமார் 3.6 கோடி, அதாவது 6 சதவீதத்துக்கும் குறைவு. அரண்மனையை அப்படியே இழுத்து மூடியிருந்தாலும் பற்றாக்குறையில் மூன்றில் ஒரு பங்குகூட அடைபட்டிருக்காது. இந்த அறிக்கையை இன்றைய தணிக்கை செய்யப்பட்ட பட்ஜெட் போலப் படிக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது ஒரு மதிப்பீடு. தனித்தனிக் கணக்குகளில் சில கோடி இப்படியும் அப்படியும் இருக்கலாம். ஆனால் வட்டி பாதியைத் தின்றது, அரண்மனை சிறு பங்குதான் என்ற விகிதத்தை யாரும் மறுப்பதில்லை.

அப்படியானால் ராணியின் மீது இவ்வளவு பழி ஏன்? அவர் செலவாளி என்பது பொய்யில்லை. 1785-ல் உடைகளுக்கு மட்டும் சுமார் 2.58 லட்சம் லிவ்ர் செலவானது. அவருக்கு ஒதுக்கப்பட்டதோ 1.2 லட்சம். அதே காலத்தில் பாரிஸுக்கு அருகே சேன் க்ளூ அரண்மனை அவருக்காக 60 லட்சத்துக்கு வாங்கப்பட்டது. பொதுமக்கள் கண்ணில் பட்டவை இவைதான். கடன் பத்திரத்தின் வட்டி யார் கண்ணிலும் படாது. அதோடு 1785-ல் வைர நெக்லஸ் விவகாரம் வெடித்தது. 16 லட்சம் லிவ்ர் விலையுள்ள அந்த நகையை ராணி வாங்கவே இல்லை. அவர் பெயரைச் சொல்லி ஒரு மோசடிக் கும்பல் திருச்சபையின் உயர் குருவான கார்டினல் ரோகனை ஏமாற்றி வாங்கிக்கொண்டது. 1786 மே 31-ல் நீதிமன்றம் கார்டினலை விடுவித்தது. ராணி பெயரால் இப்படி ஒரு ரகசிய வேலை நடக்கும் என்று அவர் நம்பியது இயல்புதான் என்று அந்தத் தீர்ப்பு ஊருக்கே சொல்லிவிட்டது. “ரொட்டி இல்லாவிட்டால் கேக் சாப்பிடட்டும்” என்ற வசனமும் ராணியுடையது அல்ல. ரூசோ 1760-களில் எழுதிய தன்வரலாற்றில் பெயர் சொல்லாமல் ஏதோ ஓர் இளவரசி சொன்னதாக அது வருகிறது. அப்போது மேரி அன்டாய்னெட் வியன்னாவில் பத்து வயதை ஒட்டிய சிறுமி. பிரான்ஸுக்கு வந்தது 1770-ல். ஆக, ராணியின் ஆடம்பரம் அரசின் நற்பெயரைக் கெடுத்ததே தவிர கஜானாவைக் காலி செய்யவில்லை.

அமெரிக்கப் போர் வேறு அளவுகோல். 1778 பிப்ரவரியில் பிரான்ஸ் அமெரிக்கக் குடியேற்றங்களோடு ஒப்பந்தம் செய்து பிரிட்டனுக்கு எதிராக இறங்கியது. 1783-ல் சமாதானம் ஆகும்வரை செலவு 100 கோடியிலிருந்து 130 கோடி லிவ்ர் வரை என்று கணக்கிடுகிறார்கள். கப்பல், அமெரிக்கர்களுக்குக் கொடுத்த கடன், போருக்குப் பிறகும் தொடர்ந்த நிலுவைகள் ஆகியவற்றில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதால் இந்த இடைவெளி. செலவில் பெரும்பகுதி கடற்படைக்கு. அது அட்லாண்டிக்கோடு நிற்கவில்லை. 1778 அக்டோபரில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனதும், 1782-லும் 1783-லும் தளபதி சுஃப்ரான் சதுரங்கப்பட்டினத்திலிருந்து திருகோணமலை வரை நடத்திய கடற்போர்களும் இதே கணக்கில் வருபவை. கடலூருக்கு எதிரே 1783 ஜூன் 20-ல் நடந்த கடைசி மோதலின்போது ஐரோப்பாவில் பூர்வாங்கச் சமாதானம் கையெழுத்தாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. செய்திதான் வந்து சேரவில்லை. இத்தனைக்கும் பிரான்ஸுக்குக் கிடைத்தவை டொபாகோ, செனெகல், பறிபோன புதுச்சேரி போன்ற இடங்கள் திரும்பியது, கொஞ்சம் பெருமை.

போருக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் சிக்கலே தொடங்குகிறது. நிதிப் பொறுப்பில் இருந்த நெக்கர் புதிய வரி போடாமல் 50 கோடி லிவ்ருக்கு மேல் கடன் திரட்டினார். மக்கள் கொண்டாடினார்கள். ஆனால் கடன் வாங்கிய விதம் மோசம். பெரும்பகுதி ஆயுள் வருமானப் பத்திரங்கள்: அசல் தொகையைக் கொடுத்துவிட்டால், பத்திரத்தில் பெயர் குறிக்கப்பட்ட ஆள் உயிரோடு இருக்கும்வரை ஆண்டுதோறும் வருமானம். ஒரே பெயர் என்றால் சுமார் 10 சதவீதம். பிரிட்டனிலும் ஹாலந்திலும் வயதைப் பார்த்து வருமானத்தைக் குறைத்தும் கூட்டியும் கொடுக்கும் முறை தெரிந்திருந்தது. முதியவருக்கு அதிகம், குழந்தைக்குக் குறைவு. பிரெஞ்சு அரசு எல்லா வயதுக்கும் ஒரே விகிதம் வைத்தது. ஜெனீவா வங்கியாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். பத்திரம் வாங்குபவர் வேறு, ஆயுளுக்கு அளவாக வைக்கப்படும் ஆள் வேறு என்று விதி அனுமதித்தது. அதனால் அம்மை வந்து பிழைத்த, நோயற்ற குடும்பத்தைச் சேர்ந்த சிறுமிகளாக மருத்துவர்களைக் கொண்டு பொறுக்கி எடுத்து, முப்பது பேரை ஒரு தொகுப்பாகச் சேர்த்து, அவர்கள் பெயரில் பத்திரங்களைக் குவித்தார்கள். ஏழு வயதுச் சிறுமி அறுபது வயது வரை வாழ்ந்தால் அரசு 53 ஆண்டு 10 சதவீதம் கட்ட வேண்டும். முதல் பத்து ஆண்டிலேயே அசல் திரும்பிவிடும். மீதி நாற்பத்துமூன்று ஆண்டும் லாபம். ஒருவர் இறந்தால் நஷ்டம் முப்பதில் ஒரு பங்குதான்.

இவ்வளவு தாராளமாக ஏன் கொடுத்தார்கள்? நிதி அதிகாரிகளுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. வேறு வழியில் யாரும் கடன் தரத் தயாராக இல்லை. 1720-ல், அரசின் ஆதரவோடு காகிதப் பணம் வெளியிட்ட ஜான் லாவின் வங்கி கவிழ்ந்தது. 1770-ல் நிதி மந்திரி தெரே பாதி திவால் என்று சொல்லத்தக்க அளவுக்கு வட்டியை வெட்டினார், தவணைகளை நிறுத்தினார். ராஜா நினைத்தால் கடனை ரத்து செய்யலாம், கேட்பார் இல்லை என்று தெரிந்தவன் அந்த அபாயத்தையும் வட்டியில் சேர்த்தே கேட்பான். பிரிட்டனின் கடன் மொத்தத் தொகையில் பிரான்ஸின் கடனுக்குச் சளைத்ததல்ல. மக்கள்தொகை மூன்றில் ஒரு பங்கு. ஆனாலும் அது தடுமாறவில்லை. அங்கே கடனுக்கு நாடாளுமன்றம் பொறுப்பு. எந்த வரியிலிருந்து எந்த வட்டி என்று சட்டமே சொல்லும். கணக்கு அச்சாகி வெளிவரும். அதனால் பிரெஞ்சு ராஜா கொடுத்த வட்டியில் ஏறக்குறைய பாதிக்கே பிரிட்டனுக்குக் கடன் கிடைத்தது. இங்கிலாந்தில் ஒரு சராசரி ஆள் பிரான்ஸின் சராசரி ஆளைவிட அதிக வரி கட்டினான் என்பதும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுக் கண்டது. பாடப்புத்தகச் சித்திரத்துக்கு இது முரணாகத் தெரியும். வரியின் மொத்தத்தைவிட அது யார் தலையில் எப்படி விழுந்தது என்பதுதான் பிரான்ஸின் நோய்.

வரிகளைப் பார்ப்போம். பழைய நேரடி வரி டெய்லே. பிரபுக்களும் குருமார்களும் இதற்கு விலக்கு. பாரிஸ் போன்ற நகரங்களுக்கும் விலக்கு. இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வட பகுதியில் இது ஆளைப் பார்த்து விதிக்கப்பட்டது, தெற்கே பல மாகாணங்களில் நிலத்தைப் பார்த்து. அதாவது தெற்கில் ஒரு பிரபு ‘சாமானியர் நிலம்’ என்று பதிவான நிலத்தை வாங்கினால் வரி கட்டியே ஆக வேண்டும். 1695-ல் தலை வரி வந்தது, 1749-ல் இருபதில் ஒரு பங்கு வரி வந்தது. இவற்றில் பிரபுக்களுக்குச் சட்டப்படி விலக்கு இல்லை. அதனால் “பிரபுக்கள் வரியே கட்டவில்லை” என்று எழுதுவது தவறு. கட்டினார்கள், ஆனால் தங்கள் வருமானத்தைத் தாங்களே குறைத்துச் சொல்லி, தெரிந்த அதிகாரிகளிடம் பேசி, கட்ட வேண்டியதில் ஒரு பகுதியைத்தான் கட்டினார்கள். திருச்சபை நாட்டின் நிலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கை வைத்திருந்தது. அது வரி என்ற பெயரில் ஒன்றும் கட்டாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை கூடி, தானே தீர்மானித்த ஒரு தொகையை ராஜாவுக்கு ‘நன்கொடை’ என்று கொடுக்கும்.

மறைமுக வரிகளில் கபேல் என்ற உப்பு வரியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முழு அமைப்பும் எப்படி நடந்தது என்பது அதில் தெரியும். உப்பு வரிக்காக நாடு ஆறு வகைப் பகுதிகளாகப் பிரிந்திருந்தது. பாரிஸைச் சுற்றிய வட பகுதி ‘பெரிய கபேல்’ பகுதி. அங்கே மினோ என்ற அளவு உப்பு, அதாவது சுமார் 49 கிலோ, ஏறக்குறைய 60 லிவ்ர். மேற்கே எல்லையைத் தாண்டி பிரித்தானி மாகாணத்துக்குப் போனால் அதே 49 கிலோ இரண்டு மூன்று லிவ்ர். பிரித்தானி பிரெஞ்சு முடியோடு இணைந்தபோது தன் பழைய உரிமைகளைக் காப்பாற்றிக்கொண்டது. உப்பு விலக்கும் அதில் ஒன்று. நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் வாழ்ந்த பெரிய கபேல் பகுதிதான் உப்பு வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கைச் சுமந்தது.

பெரிய கபேல் பகுதியில் உப்பு வாங்காமல் இருக்கவும் முடியாது. 1680-ம் ஆண்டுச் சட்டப்படி எட்டு வயதுக்கு மேற்பட்ட 14 பேருக்கு ஆண்டுக்கு ஒரு மினோ கட்டாயம், அதாவது ஆளுக்கு மூன்றரை கிலோ. அரசு உப்புக் கிடங்கில் பெயர் பதிந்து, பணம் கட்டி, ரசீதோடு வாங்க வேண்டும். எட்டு வயதுக்கு மேல் ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 17 கிலோவுக்கு மேல், சுமார் 21 லிவ்ர். நாளுக்கு ஒரு லிவ்ர் கூலி வாங்கும் ஆளுக்கு மூன்று வாரக் கூலி உப்புக்கே போய்விடும். இந்தக் கட்டாய உப்பு சமையலுக்கும் மேசைக்கும் மட்டும். பன்றி இறைச்சியை உப்புக்கண்டம் போட வேண்டும் என்றால் அதற்குத் தனியாக வாங்கி, தனி ரசீது வைத்திருக்க வேண்டும். கட்டாய உப்பில் மிச்சம் பிடித்து இறைச்சிக்குப் போட்டால் அது குற்றம். வரி ஊழியர்கள் வீடு புகுந்து உப்புத் தொட்டியையும் ரசீதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இப்படி விலை வித்தியாசம் இருந்தால் கடத்தல் நடக்காமல் இருக்குமா? பிரித்தானியிலிருந்து லவால் நகரப் பக்கம் 10 கிலோ உப்பைச் சுமந்து வந்து சட்ட விலையில் பாதிக்கு விற்றாலும் ஐந்து லிவ்ருக்கு மேல் நிற்கும், அதாவது ஒரு வாரக் கூலி. பெண்கள் பாவாடைக்குள் பை கட்டிக்கொண்டு வந்தார்கள். நாய்களின் உடம்பில் உப்புப் பையைக் கட்டி எல்லை தாண்ட விட்டார்கள். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் பிடிபட்டார்கள். முதலில் அபராதம், கட்ட முடியாவிட்டால் அல்லது கையில் ஆயுதம் இருந்தால் காலில் சங்கிலியோடு கட்டாய உழைப்பு. எல்லையைக் காக்கச் சம்பளம், குதிரை, ஆயுதம், சிறை எல்லாம் வேண்டும். மக்கள் கொடுத்த பணத்தில் கணிசமான பகுதி அதை வசூலிக்கவே செலவானது. மக்களுக்கு வலி அதிகம், கஜானாவுக்கு வரவு குறைவு: கபேலின் பலன் இதுதான்.

இந்த வரிகளை அரசு நேரடியாக வசூலிக்கவில்லை. உப்பு, புகையிலை, சுங்கம், பாரிஸ் நுழைவு வரி எல்லாவற்றையும் ‘ஃபெர்ம் ஜெனரால்’ என்ற தனியார் கூட்டமைப்பு ஆறாண்டுக் குத்தகைக்கு எடுத்தது. குத்தகைத் தொகையை ராஜாவுக்கு முன்பணமாகத் தந்து, மக்களிடம் வசூலித்து, மேலே வருவதை அவர்கள் வைத்துக்கொள்வார்கள். ஊழியர்கள் சுமார் 30 ஆயிரம் பேர், பெரும்பாலோர் ஆயுதம் ஏந்தியவர்கள். வேதியியலாளர் லவோய்சியே இந்தக் குத்தகையில் பங்காளி. பாரிஸைச் சுற்றி நுழைவு வரிக்காக 1785-லிருந்து எழுப்பிய மதிலுக்கு யோசனை சொன்னவர்களில் அவரும் ஒருவர். 1789 ஜூலை 14-ல் பாஸ்டீல் சிறைக்கோட்டை விழுவதற்கு முந்தைய நாள்களில் மக்கள் முதலில் கொளுத்தியது அந்த மதிலின் சுங்கச் சாவடிகளைத்தான். 1794 மே 8-ல் லவோய்சியேவும் மற்ற குத்தகைதாரர்களுமாக 28 பேர் கில்லட்டினுக்குப் போனார்கள்.

நேரடி வரியை வசூலித்த அதிகாரிகளும் சம்பள ஊழியர்கள் இல்லை. அவர்கள் பதவியை விலைக்கு வாங்கியவர்கள். நீதிபதி முதல் வரி வசூலிப்பவர் வரை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பதவிகள் சொத்து போல விற்பனைக்கு இருந்தன; 1604-லிருந்து ஆண்டுதோறும் பதவி மதிப்பில் அறுபதில் ஒரு பங்கைக் கட்டினால் மகனுக்கும் விடலாம். வசூலித்த பணம் அதிகாரியின் சொந்தப் பெட்டியில், அவர் சொந்தப் பணத்தோடு கலந்தே இருக்கும். ராஜாவுக்கு அவசரம் என்றால் அடுத்த ஆண்டு வசூலை ஈடு வைத்து, அதே அதிகாரியிடமே வட்டிக்கு வாங்குவார். ராஜாவின் பணத்தையே ராஜாவுக்கு வட்டிக்கு விட்டார்கள் என்பது மிகையில்லை. ஒரே கஜானா என்பது கிடையாது. நூற்றுக்கணக்கான பெட்டிகள், கணக்கு முடிந்து தணிக்கைக்கு வரப் பல ஆண்டுகள். இன்று கையிருப்பு எவ்வளவு என்று நிதி மந்திரி கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. எல்லாவற்றையும் ஒரே அரச கஜானாவில் சேர்க்கும் ஆணை 1788 மார்ச்சில்தான் வந்தது. நல்ல சீர்திருத்தம், ஆனால் கடைசி நேரத்தில் வந்தது.

தெரிந்தும் ஏன் முன்னரே மாற்றவில்லை? மாற்ற முயன்றார்கள் என்பதே உண்மை. தடையாக நின்றது பார்லமா. பெயரைப் பார்த்து நம் நாடாளுமன்றம் என்று நினைக்க வேண்டாம். அது உயர் நீதிமன்றம், நீதிபதிகள் பதவியை விலைக்கு வாங்கிய பிரபுக்கள். அரச ஆணை அங்கே பதிவானால்தான் செல்லும். புதிய வரி என்றால் எதிர்ப்பு மனு எழுதுவார்கள், அதை அச்சிட்டு ஊருக்குப் பரப்புவார்கள். 1771-ல் பதினைந்தாம் லூயியின் மந்திரி மொப்பூ இந்த நீதிமன்றங்களை உடைத்து நொறுக்கினார். 1774-ல் பட்டத்துக்கு வந்த பதினாறாம் லூயி மக்களின் அபிமானத்தைப் பெற அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தார். என் கணிப்பில் அவர் ஆட்சியின் மிக விலை உயர்ந்த முடிவு அதுதான். திவால் கூடாது, வரி உயர்வு கூடாது, கடன் கூடாது என்ற திட்டத்தோடு வந்த துர்கோ 1776 மே மாதம் வெளியேற்றப்பட்டார். அவருக்குப் பின் வந்த நெக்கர் 1781-ல் நாட்டின் நிதிக் கணக்கை முதன்முறையாக அச்சிட்டு வெளியிட்டார். அதில் 1.02 கோடி லிவ்ர் உபரி! போர்ச் செலவை ‘அசாதாரணச் செலவு’ என்று வெளியே வைத்துவிட்டு, வழக்கமான வரவு செலவை மட்டும் காட்டினார். இது திட்டமிட்ட பொய்யா, அக்கால வழக்கப்படி சரியான கணக்கா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. விளைவில் சந்தேகமில்லை. ஐந்தாண்டு கழித்து, அப்போது நிதி மந்திரியாக இருந்த கலோன் கஜானா காலி என்று சொன்னபோது, “உபரி இருந்ததே, நீதான் தின்றுவிட்டாய்” என்று எல்லோரும் அவர் மீதே பாய்ந்தார்கள்.

கலோன் 1786 ஆகஸ்ட் 20-ல் ராஜாவிடம் உண்மையைச் சொன்னார். பற்றாக்குறை 10 கோடிக்கு மேல். போருக்காகப் போட்ட மூன்றாவது இருபதாம் பங்கு வரி அந்த ஆண்டோடு முடிகிறது. கடன் தவணைகள் நெருங்குகின்றன. அவர் மருந்து, விலக்கே இல்லாமல் எல்லா நிலத்துக்கும் ஒரே நில வரி. பிரபு, குருமார், சாமானியர் யாராக இருந்தாலும் கட்ட வேண்டும். உள்நாட்டுச் சுங்கம் ஒழிய வேண்டும். பார்லமாவைச் சுற்றிக்கொண்டு போக, 144 பிரமுகர்களைத் தானே பொறுக்கி 1787 பிப்ரவரி 22-ல் வெர்சாயில் கூட்டினார். அவர்களோ கணக்கைக் காட்டு என்றார்கள். நிரந்தர வரி என்றால் நாட்டின் சம்மதம் வேண்டும் என்றார்கள். சுயநலமும் கொள்கையும் அதில் கலந்தே இருந்தன, ஒன்றை மட்டும் சொல்வது சரியில்லை. ஏப்ரலில் கலோன் போனார். பிறகு வந்த பிரியென் அதே திட்டத்தைத் திருத்தி பார்லமாவிடம் கொண்டுபோனார். மறுத்தது. ஆகஸ்டில் நீதிபதிகளைப் பாரிஸிலிருந்து த்ரோயா நகருக்கு வெளியேற்றினார். செப்டம்பரில் திரும்ப அழைத்தார். 1788 மே 8-ல் அவர்களின் அதிகாரத்தையே பறித்தார். ஜூன் 7-ல் கிரெனோபிள் நகர மக்கள் கூரை மீதேறி ஓடுகளைப் பிடுங்கிப் படை வீரர்கள் மேல் எறிந்தார்கள். இந்தக் குழப்பத்தில் கடன் கொடுப்பவர்கள் கையை மூடிக்கொண்டார்கள். ஆகஸ்ட் 8-ல் எஸ்டேட்ஸ் ஜெனரலை, அதாவது குருமார், பிரபுக்கள், சாமானியர் என்ற மூன்று பிரிவினரின் பிரதிநிதிகள் சபையை, 1789 மே மாதம் கூட்டுவதாக அறிவிப்பு வந்தது. 1614-க்குப் பிறகு கூடாத சபை. ஆகஸ்ட் 16-ல் அரசு தன் பாக்கிகளில் ஒரு பகுதியை ரொக்கத்துக்குப் பதில் வட்டிச் சீட்டாகத் தருவதாகச் சொன்னது. திவால் எந்த நாளில் என்று கேட்டால் அந்த நாள்தான். பத்து நாளுக்குள் பிரியென் போய் நெக்கர் திரும்ப வந்தார்.

இது வரைக்கும் ரொட்டி வரவில்லை என்பதைக் கவனியுங்கள். நிதி நெருக்கடி ஒரு தடம், பசி இன்னொரு தடம். இரண்டும் 1789-ல் வந்து முட்டின. 1788 ஜூலை 13-ல் அடித்த ஆலங்கட்டி மழை பாரிஸைச் சுற்றிய விளைச்சலை அழித்தது. அந்தக் குளிர்காலத்தில் சேன் நதி உறைந்து மாவு ஆலைகள் நின்றன. பாரிஸில் ஏறக்குறைய 2 கிலோ ரொட்டி சாதாரணமாக 8, 9 சூ. 1789 பிப்ரவரியில் அது 14.5 சூ ஆனது. 20 சூ சேர்ந்தால் ஒரு லிவ்ர். கூலியாளின் நாள் வருமானம் 20-லிருந்து 30 சூ. குடும்பத்துக்கு நாளுக்கு அப்படி ஒரு ரொட்டியாவது வேண்டும். 1786-ல் பிரிட்டனோடு செய்த வணிக ஒப்பந்தத்தால் மலிவான துணி உள்ளே வந்து, நெசவு ஊர்களில் கூலியும் குறைந்திருந்தது. ரொட்டி விலை எந்த அளவுக்கு ஜூலை 14-ஐ உருவாக்கியது என்று அளந்து சொல்ல முடியாது. கூட்டத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்ததில் அதற்குப் பங்கு உண்டு என்பது உறுதி. எஸ்டேட்ஸ் ஜெனரலைக் கூட்டவைத்தது பசி அல்ல, கடன் என்பதும் அதே அளவு உறுதி.

தேர்வுக்கு எழுதுபவர் என்றால் இந்த வரிசையில் எழுதுங்கள்: போரால் குவிந்த கடன், நம்பிக்கையின்மையால் ஏறிய வட்டி, சலுகைகளால் உயராத வரவு, பார்லமாவும் பிரமுகர்களும் மறுத்த சீர்திருத்தம், 1788 ஆகஸ்ட். ராணியைக் கடைசியில், அரசின் நற்பெயர் என்ற தலைப்பில் வையுங்கள். லிவ்ரை இன்றைய ரூபாய்க்கு மாற்றாதீர்கள். கூலியோடும் ரொட்டியோடும் ஒப்பிட்டால்தான் அந்தத் தொகைக்கு அர்த்தம் வரும். இந்தப் பதிலுக்கும் ஓர் எல்லை உண்டு. ராஜா ஏன் சபையைக் கூட்ட நேர்ந்தது என்பதை நிதிக் கணக்கு விளக்கும். சபை கூடிய பிறகு புரட்சி ஏன் முடியாட்சியையே ஒழிக்கும் அளவுக்குப் போனது என்பதை அது விளக்காது. 1788 வரை குடியரசு வேண்டும் என்று கேட்டவர்கள் யாரும் இல்லை என்றே சொல்லலாம். அங்கே அரசியல் கருத்துகள், மூன்றாம் பிரிவினரின் அவமான உணர்வு, 1792-ல் தொடங்கிய போர் என்று வேறு காரணங்கள் தேவை.

கடன் என்ன ஆனது என்பதையும் சொல்லி முடிக்கிறேன், ஏனென்றால் இது பெரும்பாலும் யாரும் கேட்காத பகுதி. 1789 ஜூன் 17-ல் மூன்றாம் பிரிவினர் தங்களை தேசிய சபை என்று அறிவித்தார்கள். அதே நாளில் இரண்டு தீர்மானங்கள்: மக்கள் சம்மதமின்றிப் போட்ட இப்போதைய வரிகள் சட்டவிரோதமானவை, ஆனால் சபை கூடியிருக்கும் வரை மட்டும் வசூலிக்கலாம், அரசின் கடனுக்கு இனி தேசமே பொறுப்பு. ராஜா சபையைக் கலைத்தால் வரியும் நிற்கும், கடன் கொடுத்தவர்களும் கெடுவார்கள். பாரிஸின் பத்திரக்காரர்கள் முழுதாகச் சபையின் பக்கம் சாய்ந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் வரி கட்டுவதை மக்கள் பல இடங்களில் நிறுத்திவிட்டார்கள். கபேல் 1790-ல் ஒழிந்தது. ஓட்டையை அடைக்க 1789 நவம்பர் 2-ல் திருச்சபைச் சொத்துகளைத் தேசத்தின் கையில் வைத்தார்கள், அதை ஈடாகக் காட்டி டிசம்பரில் 40 கோடிக்கு அசினியா என்ற பத்திரம் அச்சிட்டார்கள். 1790-ல் அது புழங்கும் பணமாகியது. போர் வந்ததும் அச்சு நிற்கவே இல்லை. மொத்தம் 4,000 கோடி லிவ்ருக்கு மேல் அடித்து, மதிப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் ஆன பிறகு, 1796 பிப்ரவரியில் அச்சுத் தகடுகளை வாந்தோம் சதுக்கத்தில் மக்கள் முன்னிலையில் உடைத்து எரித்தார்கள். கடைசியில் 1797 செப்டம்பர் 30-ல் வந்த சட்டம் பழைய கடனில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் ஏற்றுக்கொண்டது. மீதி மூன்றில் இரண்டு பங்குக்கு, தேசிய நிலம் வாங்க மட்டும் உதவும் சீட்டுகளைக் கொடுத்தார்கள். சில மாதங்களில் அவற்றுக்கும் சந்தையில் விலை இல்லை. 1789-ல் தங்கள் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சபையை ஆதரித்த பத்திரக்காரர்களுக்கும், சிறுமிகள் பெயரில் பத்திரம் குவித்த ஜெனீவா வங்கியாளர்களுக்கும் ஒரே கதிதான்.